கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாள்

"அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று தெரபிஸ்ட் சொன்னபோது நான் மகளைப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அல்லது எதையும் பார்க்காமல் கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தார். அந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அந்தப் பெண் வந்திருந்தார்.

இவர் என்றால் என் கணவர். இதை எழுதி முடிக்கும்வரை இவர் என்றுதான் எழுதப்போகிறேன். கல்யாணம் கட்டி மகளும் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வயதாகிவிட்டது, இன்னும் எனக்கு வேறு விதமாகச் சொல்ல வராது. அதனால் ஒரு சிக்கல் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இவருக்கு ரயில் நிலையத்தில் வேலை. ஒரு சனிக்கிழமை காலை, வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பென்டில் ஹில் கடைகளில் மீனும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பும்போது விழுந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் நெஞ்சை அழுத்தியிருக்கிறார், ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது, நின்ற இதயம் திரும்ப ஓடத் தொடங்கியிருக்கிறது. ஆனால் இடையில் மூளைக்கு இரத்தம் போகவில்லை. எவ்வளவு நேரம் போகவில்லை என்பது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. நாங்கள் கிரவீனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இவரை ஏதேதோ மெஷின்களுக்கு நடுவில் படுக்க வைத்திருந்தார்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒருநாள் கண் திறந்தார். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் போன் எடுத்தேன். "கண் முழிச்சிட்டார், கண் முழிச்சிட்டார்" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். பிறகுதான் டாக்டர் என்னை ஒரு சிறிய அறையில் இருத்தி விளக்கினார். கண் திறப்பது வேறு, உணர்வு வருவது வேறு. இவர் இப்போது நித்திரை கொள்கிறார், விழிக்கிறார், மூச்சைத் தானாகவே விடுகிறார். ஆனால் தன்னையும் தன்னைச் சுற்றி இருப்பதையும் அறிகிறாரா என்று தெரியாது. நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். விழித்திருக்கிற மனிதருக்கு விழிப்பு இருக்கிறதா என்று தெரியாதாம். இதை நான் யாருக்கு என்னவென்று சொல்வது? போன் எடுத்தவர்களையெல்லாம் திரும்ப எடுத்து, கண் திறந்ததைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியுமா?

நான் சொல்லாததால் எல்லோரும் வந்தார்கள். எங்கள் ஆட்கள் நோயாளி பார்க்க வருவது எப்படி என்று தெரியும்தானே. பிளாஸ்கில் சூப், ஒரு பை நிறைய தோடம்பழம். வாயால் ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாத மனிதருக்கு. வந்தவுடன் கட்டிலுக்கு மேலே குனிந்து, ஒலிபெருக்கியில் பேசுவது போல, "என்னை ஆரெண்டு தெரியுதோ?" என்று கேட்பார்கள். பிறகு வராந்தாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணைக்கு என்னை விளங்கினது, பாத்துச் சிமிட்டினவர்" என்பார்கள். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவருக்கு இவர் கண்கலங்கினாராம். முன்பு எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த பெண்ணுக்குப் புன்னகை செய்தாராம். அந்தப் பெண்ணோடு இவர் வேலி விஷயமாகக் கதைத்ததைத் தவிர வேறு கதைத்ததே இல்லை. நாள் முழுக்கப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருக்கிற எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. எனக்கு முதலில் சந்தேகம் வந்தது, பிறகு பொறாமை வந்தது, பிறகு என்மேலேயே கோபம் வந்தது.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் தொடர்ந்து வைத்திருக்க மாட்டார்கள். மூளை அடிபட்டவர்களுக்கென்று ஒரு புனர்வாழ்வுப் பிரிவு இருக்கிறது. தினமும் பயிற்சி கொடுப்பார்கள், மாதக்கணக்கில் முயற்சி செய்வார்கள். அங்கே எடுப்பதென்றால் ஆளுக்குக் கொஞ்சமாவது உணர்வு இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஒரு சொல்லைக் கேட்டுச் செய்ய வேண்டும், ஒரு முகத்தைக் கண்ணால் பின்தொடர வேண்டும், ஏதோ ஒன்று, திரும்பத் திரும்ப. அது இல்லாவிட்டால் முதியோர் இல்லம்.

நான் வேலை செய்வதே ஒரு முதியோர் இல்லத்தில்தான். குளிக்க வார்ப்பேன், உடுப்பு மாற்றுவேன், சாப்பாடு வாயில் தீத்துவேன். அங்கே நாங்கள் யாரையும் மோசமாக நடத்துவதில்லை. ஆனால் பேசாமல் கிடப்பவர்களைக் காலையில் ஜன்னல் பக்கம் திருப்பி வைப்போம், மத்தியானம் மற்றப் பக்கம் திருப்பி வைப்போம். இந்த ஆளுக்கு உள்ளே உணர்வு இருக்கிறதா என்று யாரும் அங்கே வந்து சோதிப்பதில்லை. அந்தக் கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் ஆளை உள்ளே எடுப்போம். அங்கே இவரை நான் விடுவதா? இவருக்கு இன்னும் தலை நரைத்து முடியவில்லை.

அதனால் அந்த தெரபிஸ்ட் வரும் நாட்களில் எனக்குக் காலையிலிருந்தே இவர் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனைக்குப் போவது போலவும் நான் வாசலில் நிற்பது போலவும் இருக்கும். அவர் இளம் வெள்ளைக்காரப் பெண், அமைதியான குரல். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். தலைக்குப் பின்னால் கைதட்டிப் பார்ப்பார். பந்தைக் காட்டுவார். "என் கையை அழுத்துங்கள்" என்பார், என்னைக் கொண்டு தமிழிலும் சொல்விப்பார். "கையைப் பிடியுங்கோ, இறுக்கிப் பிடியுங்கோ" என்று நான் சொல்வேன். இவருடைய விரல்கள் என் உள்ளங்கையில் சும்மா கிடக்கும். சில நேரம் அசையும். அசைந்ததும் நான் தெரபிஸ்டைப் பார்ப்பேன். "நாம் கேட்காத நேரத்திலும் அப்படி அசைகிறது, கவனித்தீர்களா?" என்பார். நான் கவனித்திருக்க மாட்டேன்.

கண்ணாடி வைத்தும் சோதித்தார். வேறு எதையும் பார்க்காதவர்கள்கூடத் தங்கள் முகத்தைப் பார்ப்பார்களாம். முகக்கண்ணாடியை இவருக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல நகர்த்தினார். இவருடைய கண் போகவில்லை. எட்டிக் கண்ணாடிக்குள் பார்த்தேன். குழாய்களை ஒட்டுவதற்காக மீசையை வழித்துவிட்டிருந்தார்கள். மீசை இல்லாமல் இவர் தன் முகத்தைப் பார்த்து எத்தனை காலம்? நான் ஒருநாளும் பார்த்ததில்லை. "அது அவருடைய முகம் இல்லை" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். மீசையை வளரவிடச் சொல்லி அன்றைக்கே எழுதி வைத்தார்கள், ஆனால் மீசை நாங்கள் கேட்ட வேகத்தில் வளருமா?

பிறகுதான் பெயர் விஷயம் வந்தது. ஒவ்வொரு முறையும் சோதனை தொடங்கும்போது அவர் இவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நர்ஸ்மாரும் அப்படித்தான், காலையில் திரைச்சீலையை இழுத்துக்கொண்டே கூப்பிடுவார்கள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு அவர் பேனாவை வைத்துவிட்டு, "தன் சொந்தப் பெயருக்குக்கூட இவர் திரும்பவில்லை, எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. மற்றச் சத்தங்களை விடச் சொந்தப் பெயர்தான் மூளையைச் சுலபமாக எழுப்பும்" என்றார்.

"அது இவருடைய பெயர் இல்லையே" என்றேன்.

அவர் வைத்த பேனாவைத் திரும்ப எடுத்தார்.

"அப்படியானால் யாருடைய பெயர்?"

"என் மாமனாருடையது."

"அவர் எங்கே இருக்கிறார்?"

"அவர் செத்துப் பல வருடம்."

எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். இந்த நாட்டில் எந்தப் படிவமானாலும் முன்னால் நிற்பதைத்தான் ஆளின் பெயராக எடுக்கும். வங்கியில், லைசென்ஸில், வேலையில் சட்டையில் குத்தும் அட்டையில் எல்லாம் இவர் தன் தகப்பன்தான். ரயில் நிலையத்தில் கூட வேலை செய்பவர்கள் அதையும் பாதியாக வெட்டிக் கூப்பிடுவார்கள். "வேலைக்குப் போறது அப்பா, சம்பளம் எனக்கு" என்று இவர் பகிடி விடுவார். எங்களுக்கு அது பழகிவிட்டது. ஒரு கவுண்டரில் மாமாவின் பெயரைக் கூப்பிட்டால் நானே இவரை முழங்கையால் இடிப்பேன். அதனால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் மாமாவைக் கூப்பிட்டது எனக்குப் பிழையாகவே படவில்லை.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?" என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, ஆனாலும் எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "நீங்கள் கேட்கவில்லை" என்றேன். பிறகு, "வேலையில் அந்தப் பெயருக்குத் திரும்புவார், வீட்டில் திரும்பமாட்டார்" என்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே குழப்பமாகிவிட்டது. இந்த ஆஸ்பத்திரி இவருக்கு வேலையா, வீடா? இவர் உள்ளே இருந்தால், எந்தப் பக்கம் இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"சரி, நல்லது" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்."

அங்கேதான் நான் மகளைப் பார்த்தேன்.

"அம்மா சொல்லமாட்டா" என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். "அப்பாவை அவ 'இஞ்சாருங்கோ' எண்டுதான் கூப்பிடுவா. 'இங்கே பாருங்கள்' என்கிற மாதிரி."

"எப்போதுமா?"

"எப்போதும்."

அவர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டார், எழுத்துக்கூட்டி. பிறகு கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிட்டேன். இவருடைய கண் மெல்ல என் பக்கம் வந்தது. மகள் என் தோளை நகம் பதியப் பிடித்தாள். திரும்பக் கூப்பிட்டேன், ஒன்றுமில்லை. திரும்பவும் கூப்பிட்டேன், கண் அசைந்தது, ஆனால் அதே நேரம் வராந்தாவில் சாப்பாட்டு வண்டி கடகடவென்று போனது. "ஆமா, இல்லையா?" என்று கேட்டேன். "உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார். அந்த மாதங்களில் நான் அதிகமாகக் கேட்ட வசனம் அதுதான். அவரிடம் இன்னொன்றை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மூளை நன்றாக இருந்த காலத்திலேயே இவர் என்னுடைய முதல் இஞ்சாருங்கோவுக்குத் திரும்பினவர் இல்லை. ரேடியோவைப் போட்டுவிட்டு சோஃபாவில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். குரல் மாறினால்தான் ஒரு கண் திறக்கும். இப்போது திரும்பாமல் கிடப்பது நோய் வருத்தத்தாலா, பழக்கத்தாலா?

இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரைத் தேடுவோம் என்று மகள் தொடங்கினாள். அப்போதுதான் பார்த்தால் அப்படி ஒருவரும் இல்லை. மாமி, இவரைப் பெற்றவர், போய்ச் சேர்ந்துவிட்டார். என் பக்கத்து ஆட்களுக்கு இவர் அத்தான், தங்கைமாருக்கு அண்ணா, கோயிலில் அண்ணை, பிள்ளைகளுக்கு அங்கிள். கடைசியில் தெரபிஸ்ட் வந்திருந்த நேரத்தில், மெல்பேர்னில் கிளென் வேவர்லியில் இருக்கும் சிநேகிதருக்கு வீடியோ கால் எடுத்தோம். இவரும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருந்தவர்கள். மகள் போனை இவருடைய முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

"மச்சான்" என்றார் அவர். "டேய் மச்சான், நான்டா."

கண் போனுக்குப் போனது. தெரபிஸ்ட், பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றார். சிநேகிதர் வாயைத் திறந்துவிட்டு மூடினார். "நாங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுறேல்லையே தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார், அழுகிற குரலில். பிறகு தெரபிஸ்ட், சும்மா ஏதாவது பேசச் சொன்னார், மெல்பேர்னில் இன்றைக்குக் குளிரா வெயிலா என்று. அவர் குளிரைப் பற்றிப் பேசினார். இவருடைய கண் அதற்கும் போனது. அப்படியானால் அது சிநேகிதரையா கண்டது, வெளிச்சமாக ஆடும் ஒரு கண்ணாடித் துண்டையா? "இதுவும் ஒரு தகவல்தான்" என்று தெரபிஸ்ட் ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அந்தத் தகவலை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. போகும்போது, "இந்த மனிதரை ஒருவருமே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையா?" என்று தன்பாட்டில் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. பெயர் சொல்லாதது மரியாதை, நெருக்கம் எல்லாம்தான், ஆனால் அந்த அறையில் நின்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் இவர்மேல் அக்கறை இல்லை என்பது போலக் கேட்டது.

ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் குசினியில் நின்று சொல்லிப் பார்த்தேன். கேத்தில் கொதிக்கும் சத்தத்துக்குள் முதலில் சொன்னேன், எனக்கே கேட்காத மாதிரி. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று என் அம்மா சொல்லுவா. நான் அதை நம்புகிறவள் இல்லை. ஆனால் நம்பாமல் இருப்பதற்கும் ஒரு நேரம் இருக்கிறதுதானே. இதயம் ஒருமுறை நின்று திரும்பின மனிதரில் போய் அதைச் சோதித்துப் பார்ப்பதா? இன்னொரு பக்கம், சொல்லாவிட்டால் முதியோர் இல்லம். சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டு திரும்பச் சொன்னேன். வேறு யாருடைய வீட்டுக் கறியையோ வாயில் வைத்த மாதிரி இருந்தது.

மகள் வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். "அம்மா, நீங்க சொல்லேக்க அது அப்பா மாதிரியே இல்லை" என்றாள்.

"பின்ன ஆர் மாதிரி?"

"ஐ டோன்ட் நோ. யாரோ ஒரு ஆள் மாதிரி. உங்கட வேலையில இருக்கிற ஆரோ."

"உனக்குச் சொல்ல வருமே?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள். சிரித்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கும் வரவில்லை. இங்கே பிறந்து, பேராசிரியர்களையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளை.

அடுத்த சோதனைக்கு அவள் வகுப்பை விட்டுவிட்டு வந்தாள். தெரபிஸ்ட் முன்பே விளக்கினார். நான் இவருடைய பெயரை மட்டும் சொல்லக்கூடாது, வேறு பெயர்களையும் அதே குரலில், அதே தூரத்தில் நின்று சொல்ல வேண்டும். எதற்கு அசைகிறார், எதற்கு இல்லை என்று பார்க்க வேண்டும். வேறு ஆண்பிள்ளைப் பெயர்கள் என்றால் நான் யாருடையதைச் சொல்வது? என் தம்பியின் பெயர், பெரியப்பாவின் மகனின் பெயர் என்று எடுத்தேன். அவை தடங்கலில்லாமல் வந்தன. இவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

பிறகு தெரபிஸ்ட் எனக்குத் தலையசைத்தார். நான் இவருடைய பெயரைச் சொன்னேன்.

சத்தமாகத்தான் வந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இவருடைய கண் கூரையை விட்டு இறங்கியது, சுவரில் வந்தது, என் முகத்துக்கு வந்து நின்றது. நெற்றியில் கோடு விழுந்தது. புருவம் இரண்டும் கிட்ட வந்தன.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். இவர் வேலைக்குப் போன நேரத்தில் நான் சோஃபாவை இழுத்து மற்றப் பக்கம் போட்டிருந்தால், கதவைத் திறந்துகொண்டு வந்து வாசலில் நின்று இப்படித்தான் பார்ப்பார். இவளுக்கு என்ன நடந்தது என்கிற பார்வை. மாதக்கணக்காக நான் குழம்பிக்கொண்டிருந்தேன், மகள் குழம்பினாள், டாக்டர்மார் மரியாதையாகக் குழம்பினார்கள். இப்போதுதான் முதல் தடவையாக இவர் குழம்பினார். என் வாழ்நாளில் இன்னொருவரின் குழப்பத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

"சிரிக்காதீர்கள், திரும்ப" என்றார் தெரபிஸ்ட். அவருடைய குரல் கொஞ்சமும் மாறவில்லை. தம்பியின் பெயரைச் சொன்னேன், இல்லை. இவருடைய பெயரைச் சொன்னேன், கண் வந்தது, புருவம் சுருங்கியது. பெரியப்பாவின் மகன், இல்லை. இவருடைய பெயர், கொஞ்சமாக வந்தது. அதற்குப் பிறகு இவர் கண்ணை மூடிவிட்டார், களைத்துவிட்டார். தெரபிஸ்ட் கதிரையில் இருந்து எழுதிக்கொண்டேயிருந்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகமும் சிவந்திருந்தது. இது போதாது, இன்னும் பல நாள் பார்க்க வேண்டும், ஆனால் இதை அறிக்கையில் எழுதலாம் என்றார். பிறகு வந்த நாட்களிலும் பார்த்தார்கள். சில நாள் வந்தது, சில நாள் ஒன்றுமே வரவில்லை. வந்த நாட்களை எண்ணிக்கொண்டு வராத நாட்களை நான் மறக்கப் பார்த்தேன்.

ஒருநாள் அவர் சாமான்களைப் பையில் வைக்கும்போது, "எப்போதிருந்து?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை.

"எப்போதிருந்து இவருக்கு உணர்வு இருக்கிறது?"

"தெரியாது" என்றார். "போன வாரம் வந்திருக்கலாம். இந்த அறைக்கு வந்த நாளிலிருந்தே இருந்திருக்கலாம். வந்து வந்து போகக்கூடியது அது. நாம் கண்டுபிடித்த நாள்தான் நமக்குத் தெரியும்."

அவர் போய்விட்டார். மகள் எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் நான் நாட்களைப் பின்னோக்கி எண்ணத் தொடங்கினேன். இந்த அறையில், இந்தக் கட்டிலுக்கு மேலே நின்று, நாங்கள் என்னென்ன பேசினோம்? எந்த முதியோர் இல்லம் கிட்ட என்று பேசினோம். இவருடைய காரை விற்பதா என்று பேசினோம். பார்க்க வந்தவர்கள், இப்படிக் கிடந்து செத்த தங்களுடைய ஆட்களைப் பற்றி ஆறுதலுக்காக விளக்கமாகச் சொன்னார்கள். நெஞ்சில் கிருமி வந்தால் திரும்ப மெஷினில் போடுவதா, விடுவதா என்று டாக்டர் என்னிடம் கேட்டார். கேட்கும்போது அவருடைய கை இவருடைய போர்வையின் மேல் இருந்தது. நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இவருக்கு இப்போது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். இல்லை என்று நினைத்தாலும் பயம், ஓம் என்று நினைத்தாலும் பயம்.

அடுத்த கிழமை டாக்டர் வந்தார். புனர்வாழ்வுப் பிரிவில் எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள், முதலில் கொஞ்சக் காலத்துக்கு, முன்னேற்றம் இருந்தால் நீட்டுவார்கள் என்று கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்று எனக்குச் சொல்லத் தொடங்கினார். மகள் என் கையைப் பிடித்தாள். இவர் எங்களுக்கு நடுவில் கண் திறந்து கிடந்தார்.

"தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்" என்றேன்.

டாக்டருக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. பிறகு குனிந்து, நல்ல மனிதர், தெளிவாக மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, நீங்களும் உங்கள் மொழியில் சொல்லுங்களேன் என்றார். நான் இவருடைய முகத்துக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அத்தனை பேர் வந்து என்னை ஆரெண்டு தெரியுதோ என்று கேட்டார்கள். கையைப் பிடியுங்கோ, கண்ணை மூடுங்கோ, பந்தைப் பாருங்கோ என்று நானே கேட்டேன். உங்களுக்கு என்ன நடந்தது என்று எங்களில் ஒருவரும் இவருக்குச் சொல்லவேயில்லை. மீன் பையோடு காருக்கு நடந்த மனிதர், இங்கே மீசையில்லாமல் கிடக்கிறார். இடையில் என்ன என்று கேட்க வாயுமில்லை.

"நீங்கள் பென்டில் ஹில்லில விழுந்தனீங்கள்" என்றேன். "ஹார்ட் நிண்டு திரும்பினது. இது ஆஸ்பத்திரி. கனநாளாய் இஞ்சதான் இருக்கிறீங்கள். உங்களால கதைக்கேலாமல் இருக்கு, அது உங்கட பிழை இல்லை. இப்ப வேற ஒரு இடத்தில பயிற்சி குடுக்கப் போகினம். நானும் பிள்ளையும் ஒவ்வொரு நாளும் வருவம்."

கண் என் முகத்தில் நின்றது. நின்றது என்றுதான் நினைக்கிறேன்.

"போவமோ?" என்று கேட்டேன்.

டாக்டர் மணிக்கூட்டைப் பார்க்கப் போய், கையைக் கீழே விட்டார். மகள் போனை அணைத்துவிட்டு வந்து நின்றாள். ஒருவரும் இவருக்காகப் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று பேரும் காத்திருந்தோம். பதில் வரவில்லை. யோசிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.